லென்ஸ் வளையத்தைப் படித்துப் பாருங்கள்

சின்ன கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். இரண்டு கேமராக்களில் எது நல்லது என்று முடிவுசெய்ய இந்த எண் அதிகம் உதவாது. 2008-இல் கேனான் ஜி10 வந்தபோது அதில் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு வந்த ஜி11-இல் கேனானே அதை 10-ஆகக் குறைத்துவிட்டது. சென்சாரின் அளவு மாறவில்லை. பிக்சல் புள்ளிகள் குறைந்ததால் ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதாகி, மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களில் நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற பிசிறு) குறைந்தது.

முதலில் பார்க்க வேண்டியது சென்சார் அளவு. விலை குறைந்த காம்பாக்ட்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார்; பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். '1 அங்குலம்' என்று சொல்லி விற்கும் சென்சார் உண்மையில் 13.2-க்கு 8.8 மி.மீ.தான். ஆனாலும் முந்தையதைப்போல நான்கு மடங்கு பரப்பு. நீண்ட ஜூம் தேவைப்படாதவர்கள் 1/2.3 அங்குல கேமராவுக்குப் பணம் போட வேண்டாம், கையிலிருக்கும் நல்ல போனே போதும் என்பேன்.

அடுத்தது லென்ஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சோனி ஆர்எக்ஸ்100 (2012), கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 (2016) இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல். இரண்டின் ஜூமும் 100 மி.மீ. வரை போகும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். சோனியில் 1.8-4.9. கேனானில் 1.8-2.8. முதல் எண் ஜூம் செய்யாதபோது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது முழு ஜூமில். எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். அகலக் கோணத்தில் இரண்டும் சமம். முழு ஜூமில் கேனானுக்குள் மூன்று மடங்கு வெளிச்சம் போகிறது. பள்ளி மேடையில் ஆடும் குழந்தையைப் பின்வரிசையிலிருந்து எடுக்கும்போது, சோனிக்கு 1/30 நொடி தேவைப்படும் இடத்தில் கேனானுக்கு 1/90 போதும். குழந்தையின் கை கலங்காமல் விழுவது அந்த வித்தியாசத்தால்தான்.

அதற்காக எல்லோரும் கேனானையே வாங்க வேண்டும் என்பதில்லை. அது 319 கிராம்; சோனி 240 கிராம், சட்டைப் பையில் அடங்கிவிடும். கூட எடுத்துப் போகாத கேமராவால் என்ன பயன்? ஜூமே வேண்டாம் என்பவர்களுக்கு ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது. சென்சார் 1 அங்குலத்தைப்போல மூன்று மடங்கு, ஆனால் ஃபிளாஷ் கிடையாது. டிஜிட்டல் ஜூம் என்று போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். பளிச்சென்ற ஷோரூம் விளக்கின் கீழ் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். இருண்ட மூலையாகப் பார்த்து, இரண்டிலும் முழு ஜூமில் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள்.

பழைய கேமரா என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது தூசியையும் இழுத்துக்கொள்ளும். முழு ஜூமில், லென்ஸ் திறப்பை எஃப் 11-க்குக் குறைத்து, வெறும் வானத்தைப் படமெடுங்கள். மங்கலான கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. கழற்ற முடியாத லென்ஸ் என்பதால், துடைக்க கேமராவையே பிரிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.