ஆற்றுவாய் வெட்டும் நாளும் நமது வயலும்

மார்கழி மழை விடாமல் பெய்தால் படுவான்கரைக் கமக்காரரின் வாயில் வரும் முதற் கேள்வி ஒன்றுதான்: "ஆற்றுவாய் எப்ப வெட்டுவாங்க?" வீட்டை விட்டு வந்து பாடசாலையில் தங்கியிருப்பவரும் இதையே கேட்கிறார். ஏன் என்று பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. மேற்கேயிருந்து வரும் ஆறுகளின் நீரும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான் நீரும் இதற்குள்தான் விழுகின்றன. கடலுக்குப் போகும் வழிகளோ இரண்டு: பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்றுப் பக்கத்து வாயும். கோடையில் அலை மணலைத் தள்ளி அவற்றை அடைத்துவிடும். அந்த நேரம் பெருமழை வந்தால், போக வழியில்லாத நீர் தாழ்ந்த வயல்களில் ஏறி நிற்கும். பல நாள் மூழ்கிய வேளாண்மை அழுகிப்போகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நமது மாவட்டமே பேரிழப்பைக் கண்டது.

அப்படியானால் மணலை உடனே வெட்டிவிடலாமே? அதிலும் சிக்கல் உண்டு. முந்தி வெட்டினால் வாவி நீர் வடிந்து, இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போகும். மீனவர் வயிறு காயும். பிந்தி வெட்டினால் கமக்காரர் வயல் போகும். ஆகவே இது பொறியியலாளர் மட்டும் தீர்க்கும் கணக்கல்ல. அதிகாரிகள், கமக்காரர், மீனவர் எல்லோரும் ஒன்றாக இருந்து பேசவேண்டிய விடயம்.

வெள்ளத் தடுப்பு என்றதும் நாம் அணைக்கட்டையே நினைக்கிறோம். குளத்தின் வான் கதவு திறக்குமுன் கீழேயுள்ள ஊருக்குச் சொல்வதும் தடுப்புத்தான். வீதியை உயர்த்தும்போது போதிய மதகு வைப்பதும் தடுப்புத்தான். மதகில்லாத வீதி ஒரு பக்கத்து ஊரைக் காத்து மறுபக்கத்து ஊரை மூழ்கடிக்கும். வரைபடம் நிலத்தின் உயரத்தைக் காட்டும். எந்தக் கண்டத்தில் நீர் முதலில் ஏறும், எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர் அங்கே உழுதவரே.

ஆனால் இடம்பெயர்ந்த குடும்பம் கூட்டத்துக்கு வருவதில்லை. அதனால் அதன் வயலும் திட்டத்தில் விடுபட்டுப் போகிறது. இதைத் தவிர்க்க நாம் மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று: ஒரே ஊரார் கூடி, வெள்ளம் வந்த திசை, ஏறிய மட்டம், நின்ற நாட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து எழுதுவோம். பிள்ளைகளையும் கூப்பிட்டு, தாய்மார் தண்ணீருக்கும் விறகுக்கும் போகும் பாதைகளையும் குறிப்போம்.

இரண்டு: கமக்காரர் அமைப்பில் நமது பெயர் இருக்கிறதா என்று வட்டவிதானையிடம் கேட்போம்.

மூன்று: பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு இருவரையாவது அனுப்புவோம். பஸ் காசை எல்லோரும் பகிர்வோம். மீனவர் சங்கத்தாரோடு முன்கூட்டியே பேசுவது இன்னும் நல்லது.

நாம் இன்று ஊரில் இல்லாதிருக்கலாம். வெள்ளம் ஊருக்கு வரும் வழி நமக்குத் தெரியும். அதைக் கூட்டத்தில் சொல்லிவைப்போம். திரும்பிப் போகும்போது விதைக்க வயல் இருக்கவேண்டும்.