நாரும் ரப்பரும் வளர்த்த மெத்தை வணிகம்

செம்பவாங்கில் இன்று வீவக அடுக்குமாடிகள் நிற்கும் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. தமிழர் பலர் மரம் சீவிப் பால் எடுத்த தொழில் அது.

அந்தப் பாலை நம்பி வளர்ந்ததுதான் இந்தியாவின் குர்லான் மெத்தை. 1962ல் தொடங்கிய அந்நிறுவனம், தேங்காய் நாரில் ரப்பர்ப் பால் தெளித்து, அழுத்தி, சூட்டில் இறுக்கி மெத்தை செய்தது. இலவம்பஞ்சு மெத்தை கட்டிகட்டியாகிவிடும். பிரித்து அடித்துத் திரும்பத் தைக்க வேண்டும். நார் மெத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைக்காரர் விற்பதற்கு வேறென்ன வேண்டும்? 1963ல் டியூரோஃபிளெக்சும் வந்தது, கயிற்றுக்குப் பேர்போன ஆலப்புழையிலிருந்து.

பின்னர் நுரை மெத்தையின் காலம் வந்தது. நுரை தயாரிப்பில் பெரிய நிறுவனமான ஷீலா ஃபோம், குர்லானின் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்குகளை வாங்க 2023ல் ஒப்பந்தம் செய்தது. தென்னிந்தியாவில் குர்லான் வேரூன்றவைத்த விற்பனைக் கட்டமைப்பும் அதோடு கைமாறியது.