தண்டனை மணிகளும் இணையவழிச் சேவையும்

குற்றம் செய்தவரைச் சிறையில் அடைப்பது ஒரு முறை. அவருக்கு அபராதம் விதிப்பது மற்றொரு முறை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது முறையொன்று கடந்த அறுபது ஆண்டுகளில் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. குற்றவாளி இத்தனை மணி நேரம் கூலியின்றிப் பொதுமக்களுக்காக உழைக்க வேண்டும் என நீதிமன்றம் கட்டளையிடுவதே அம்முறை. இதனைச் சமூக சேவைத் தண்டனை என்கிறோம். இச்சேவையை வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகச் செய்து முடிக்கலாம் என்று கூறும் அமைப்புகள் இப்பொழுது அமெரிக்காவில் தோன்றியுள்ளன. இது தகுமா, தகாதா என்று தீர்மானிக்குமுன், இத்தண்டனை எதன் பொருட்டு ஏற்பட்டது என்பதை அறிதல் வேண்டும்.

தோற்றம்

1966-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து அலமீடா மாவட்ட நீதிபதிகளை ஒரு கேள்வி எதிர்கொண்டது. சாலை விதிகளை மீறிய பெண்களுள் சிலருக்கு அபராதம் செலுத்த வசதியில்லை. பணமில்லை என்ற ஒரே காரணத்திற்காக அவர்களைச் சிறைக்கு அனுப்புவது நியாயமாகுமா? அபராதத்திற்கு ஈடாக ஊதியமில்லாப் பணி செய்யுமாறு நீதிபதிகள் பணித்தனர்.

இங்கிலாந்தில் பார்பரா வூட்டன் அம்மையாரின் தலைமையிலமைந்த குழு 1970-இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 40 முதல் 240 மணி நேரம் வரை விதிக்க இடந்தந்தது. 1973-இல் ஆறு வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிற்று. சிங்கப்பூரில் குப்பை போடுவோரைக் கொண்டே பொதுவிடங்களைத் துப்புரவு செய்விக்கும் உத்தரவு 1992-இல் வந்தது. மலேசியாவிலும் குப்பை போடுவோருக்கு 12 மணி நேரம் வரை சமூக சேவை விதிக்கும் சட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

மணிக்கணக்கு ஏன்?

இத்தண்டனையின் உயிர்நாடி அதன் அளவுகோலிலே இருக்கிறது. ஆயிரம் வெள்ளி அபராதம் செல்வருக்கு ஒரு பொருட்டன்று; குறைந்தபட்சச் சம்பளம் பெறும் தொழிலாளிக்கோ அது பாதி மாதக் கூலிக்கும் மேல். ஆனால் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி என்பது இருவருக்கும் ஒன்றே. செல்வரின் ஒரு மணியும் ஏழையின் ஒரு மணியும் சமம். பணத்தால் அளந்தபோது எய்த முடியாத நடுநிலையைக் காலத்தால் அளந்து எய்துவதே இம்முறையின் நோக்கம்.

இணையத்தின் வரவு

ஆயினும் மணியைச் செலவிடுவதும் எல்லார்க்கும் எளிதன்று. கைக்குழந்தையை விட்டுவர இயலாத தாய், நடக்க முடியாத நோயாளி, பேருந்தே வராத சிற்றூரில் வாழ்பவர் ஆகியோர் என்செய்வர்? குறித்த காலத்திற்குள் மணிகளை முடிக்காவிட்டால் மீண்டும் நீதிமன்றம் ஏறவேண்டும், சிறையும் நேரலாம். இத்தகையோருக்கு வீட்டிலிருந்தே செய்யும் பணி உண்மையான உதவியாகும்.

ஆனால் இணைய அமைப்புகள் பலவற்றின் நடைமுறை என்ன? கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ள வேண்டும். திரையில் தோன்றும் பாடங்களைப் படித்து வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். கழிந்த நேரத்தைக் கணினி குறித்துக்கொள்ளும். முடிவில் சான்றிதழ் கிடைக்கும். சில நீதிமன்றங்கள் இதனை ஏற்கின்றன; சில மறுக்கின்றன. முன் அனுமதி பெறாமல் பணங்கட்டியவருக்குப் பணமும் போய்த் தண்டனையும் எஞ்சி நிற்க நேரிடலாம்.

இங்கே இரு குறைகள் உள்ளன. ஒன்று, படிப்பதன் முதற்பயன் படிப்பவருக்கே. ஊருக்கு என்ன கிடைத்தது? கற்றல் நன்று, இங்கிலாந்திலும் மணிகளில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குச் செலவிட இடமுண்டு. ஆனால் ஒரு பகுதியை மட்டுமே. மற்றொன்று, திரைக்கு முன் அமர்ந்திருந்தவர் யார்? நூறு முறை எழுதிவரச் சொன்ன வாக்கியத்தை அக்காளைக் கொண்டு எழுதுவித்து வரும் மாணவனை ஆசிரியர்கள் அறிவோம். கையெழுத்தாவது அவனைக் காட்டிக்கொடுக்கும். கணினிக் கடிகாரத்திற்குக் கையெழுத்தில்லை. கட்டணத்தைச் செலுத்தி வேறொருவரை உட்காரவைக்கலாம் என்றால், மணி மறுபடியும் பணமாகிவிடுகிறது. எந்த ஏற்றத்தாழ்வை நீக்க இத்தண்டனை பிறந்ததோ, அதுவே பின்வாயில் வழியே திரும்பிவிடுகிறது.

செய்யத் தக்க வழி

வீட்டுப் பணி என்பதாலேயே அது வீண்பணி ஆகிவிடாது. கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில், வெளியிடப் பணிகள் நின்றுபோன இங்கிலாந்தில், முகக்கவசம் தைத்தல், வாழ்த்து அட்டை செய்தல் போன்ற வேலைகள் குற்றவாளிகளின் வீட்டிற்கே அனுப்பப்பட்டன. செய்த பொருள் கண்முன் இருந்தது.

கணினியிலும் அவ்வாறான பணி உண்டு. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் என்னும் அமைப்பில் தொண்டர்கள் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துகின்றனர். ஒருவர் திருத்தியதை அடுத்தவர் மீண்டும் சரிபார்க்கிறார். நம் நூல்களை 1998 முதல் இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டத்தின் பணியும் இத்தகையதே. இவர்கள் தாமாக முன்வந்த தொண்டர்கள். எனினும் பணியின் தன்மை நமக்கு வழிகாட்டுகிறது. திருத்திய பக்கமே சாட்சி. பயன் பெறுவோரோ படிப்பவர் அனைவரும்.

ஆகவே, எந்த இணையச் சேவையையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். பயன் பெற்றவர் யார்? செய்த வேலை எங்கே? அதைப் பார்த்துச் சரியென்றவர் யார்? மூன்றுக்கும் விடையிருந்தால் அது சேவை. வீட்டில் செய்தாலும் வீதியில் செய்தாலும் சேவையே. விடையில்லையெனில் அது தவணை முறையில் செலுத்தும் அபராதமேயன்றி வேறன்று.