கூலி நேரமும் தொழுகை நேரமும்

கொச்சித் துறைமுகத்துக்கு அருகே, மட்டாஞ்சேரியில் பழைய மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று உண்டு. 1568 இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியோடு சேர்த்து, 1760 அளவில் எசக்கியேல் ரகபி என்ற யூத வணிகர் அதைக் கட்டினார். (மலையாளத்தில் யூதர்களின் வணக்க இடத்தையும் ‘பள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள்.) பள்ளியை நோக்கிய முகத்தில் எபிரேய எழுத்துகளில் மணி தெரியும். வேறு முகங்களில் மலையாள எண்களும் உரோம எண்களும் இருக்கும். ரகபி ஒல்லாந்தக் கம்பனியின் பெரிய வணிகர். நமது திருகோணமலையில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைத் திருத்திக் கட்டியதும் அதே கம்பனிதான். வியாபாரத்துக்கு ஒரு நேரம், வணக்கத்துக்கு ஒரு நேரம் என்று இரண்டையும் அந்த ஒரே கோபுரம் காட்டியிருக்கிறது.

எங்கள் வீடுகளில் ‘யஹூதி’ என்ற சொல் பெரும்பாலும் பலஸ்தீனச் செய்தியோடுதான் வருகிறது. அந்த வேதனை பெரியது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வருவது வேறு. வேலைக்குப் போகும் ஒரு சாதாரண யூதர் தன் நாளாந்தத் தொழுகையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார் என்பதே என் விடயம். ஐந்து வக்துக்காரர்களான நமக்கு இது புரியாத விடயமல்ல.

அவர்களுக்கு நாளுக்கு மூன்று வேளை. காலையில் ஷஹரித், பகல் சாய்ந்தபின் மின்ஹா, இரவில் அர்வித். ஒவ்வொன்றிலும் ஜெரூசலத்தை முன்னோக்கி நின்று, மெதுவான குரலில் ஓதும் பகுதி ஒன்று உண்டு. சாதாரண நாட்களில் அதில் 19 வாழ்த்துகள். காலையிலும் இரவிலும் இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் ‘ஷெமா’வும் சேரும். வேலை செய்பவருக்குச் சிரமம் தருவது மின்ஹாதான். அது சூரியன் மறையுமுன் முடிய வேண்டும். நமது ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. லண்டனில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆகவே அது அலுவலக நேரத்துக்குள் விழுகிறது. கூட்டாகத் தொழப் பத்து ஆண்கள் வேண்டும் என்பதால், மதிய இடைவேளையில் அலுவலக அறையொன்றில் பத்துப் பேர் கூடித் தொழுதுவிட்டுக் கலைவது அங்கே வழக்கம்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ என்ற அவர்களின் சட்ட நூலே கூலியாளை நினைத்துப் பேசுகிறது. மரத்தின் மேலோ சாரத்தின் மேலோ வேலை செய்பவர் இறங்காமலே ஷெமாவை ஓதலாம். ஆனால் நின்று ஓதும் தொழுகையை அங்கே தொழக் கூடாது. கழுதையில் போகிறவர் இறங்கித் தொழ வேண்டும். இறங்க முடியாவிட்டால் முகத்தைத் திருப்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தையாவது திருப்ப வேண்டும். கப்பலிலும் மிதவையிலும் இருப்பவருக்கும் உள்ளத்தைத் திருப்பினால் போதும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் மஃரிப் நேரத்தில் மிதவைப் பாதையில் காத்திருந்த பெற்றோருக்கு இந்தச் சட்டத்தின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

கூலியாட்கள் தொழுகையைச் சுருக்கித் தொழவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. களைப்பு அதற்குக் காரணமல்ல. பகல் நேரத்தை அவர்கள் கூலிக்கு விற்றுவிட்டார்கள், அது முதலாளிக்குரியது என்பதே காரணம். நாம் பொதுவாக, வேலை தொழுகையைத் திருடக் கூடாது என்றே கேட்டு வளர்கிறோம். தொழுகையின் பேரால் வேலையைத் திருடுவதும் தவறு என்று இந்தச் சட்டம் கூடவே சொல்கிறது.

இதற்கு அவர்களின் ‘தல்மூத்’ நூலில் அருமையான கதையொன்று உண்டு. மழையில்லாத காலம். அபா ஹில்கியா என்பவரின் துஆ ஏற்கப்படும் என்று நம்பி இரண்டு அறிஞர்கள் அவரைத் தேடிப் போகிறார்கள். அவர் வயலில் கொத்திக்கொண்டிருக்கிறார். ஸலாம் சொல்கிறார்கள், அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் மனைவியோடு மேல்மாடிக்கு ஏறி, ஆளுக்கொரு மூலையில் நின்று மழைக்காகப் பிரார்த்திக்கிறார். மனைவி நின்ற பக்கத்திலிருந்துதான் முதலில் மேகம் எழுகிறது. பிறகு அறிஞர்கள் விளக்கம் கேட்கிறார்கள். பதில் ஏன் சொல்லவில்லை? தான் நாட்கூலி, அந்த நேரம் தனக்குச் சொந்தமில்லை என்கிறார். மேகம் ஏன் அந்தப் பக்கம்? மனைவி வீட்டில் இருந்து ஏழைகளுக்கு உடனே உண்ணக்கூடிய ரொட்டியைக் கொடுக்கிறார். தான் கொடுப்பதோ காசு, அதைக்கொண்டு அவர்கள் இன்னும் போய் வாங்க வேண்டும் என்கிறார். எங்கள் உம்மாமார் இந்தக் கதையைக் கேட்டால் சிரித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

பெண்களுக்கு ஷெமாவை நேரத்துக்கு ஓதும் கடமை இல்லை. ஆனால் பிரார்த்தனைக் கடமை உண்டு என்கிறது மிஷ்னா. கொச்சி யூதப் பெண்கள் அதற்கும் மேலாக, மலையாளத்தில் சமயப் பாடல்களைக் கையெழுத்துக் கொப்பிகளில் எழுதி வைத்து, கல்யாணங்களிலும் பெருநாட்களிலும் பாடி வந்தார்கள்.

மராட்டியத்தின் கொங்கண் கரையில் இன்னொரு கூட்டத்தினர் இருந்தார்கள். குர்ஆனில் நாம் ஓதும் ‘பனூ இஸ்ராயீல்’ என்பதே அவர்களின் பெயரும்: பெனே இஸ்ராயேல். செக்கில் எண்ணெய் ஆட்டுவது அவர்களின் தொழில். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் அயலவர்கள் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், என்றே அழைத்தார்கள். மற்ற யூதர்களோடு தொடர்பு அற்றிருந்த காலத்தில் எபிரேயப் பிரார்த்தனைகள் அநேகமாக மறந்துபோயின, ஷெமா மட்டும் நாவில் நின்றது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கல்யாணமானாலும் வேறெந்தச் சடங்கானாலும் அதையே ஓதினார்களாம்.

1948 க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் எஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ரகபியின் கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டுமானால், வெளியூரிலிருந்து யாராவது யூதப் பயணிகள் வந்தால்தான் உண்டு. அவர்கள் வராத நாட்களில் தனியாகத் தொழ வேண்டியதுதான்.