மூடுபனி ஊரில் முட்டைக்குத் தாகம்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் மார்கழி, தை மாதங்களில் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்குகூடச் சில நேரம் கண்ணுக்குத் தெரியாது. லயத்துச் சுவர் ஈரம் கசியும். கொடியில் போட்ட துணி காய நாள்கணக்காகும். இப்படியொரு ஊரில் ரிஜிபோம் பெட்டிக்குள் பல்ப் மாட்டி முட்டை பொரிக்க வைப்பவருக்கு, தண்ணீர்த் தட்டு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. தட்டை எடுத்துவிட்டால் 21ஆம் நாள் தெரிந்துவிடும். முழுதாக வளர்ந்த குஞ்சு, ஓட்டின் உட்சவ்வு உடம்பில் ஒட்டிக்கொள்ள, அலகால் ஒரு துளை போட்டதோடு செத்துக் கிடக்கும். அளவுக்கு மீறி வறண்டுபோன பெட்டியில் வழக்கமாக நடப்பது இது.

மூடுபனிக்குள் வறட்சியா? ஆமாம். குளிர்ந்த காற்றால் கொஞ்ச நீராவியைத்தான் தாங்க முடியும். வெளியே 15 பாகை செல்சியஸ், ஈரப்பதன் நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் நுழைந்து 37.5 பாகைக்குச் சூடானால் ஈரப்பதன் ஏறக்குறைய 26 சதவீதமாக விழுந்துவிடும். முட்டைக்கு வேண்டியதோ முதல் 18 நாளும் 50 முதல் 55 சதவீதம். மட்டக்களப்பில் 28 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றைச் சூடாக்கினால் 47 சதவீதம் வரும்; அங்கே ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர் போதும். கரையோரத்துக்காரர் சொல்லும் பக்குவம் மலையில் பொய்த்துப்போவது இதனால்தான். தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைநாளில் வெளிக்காற்றைச் சூடாக்கி ஊதித்தானே அங்கே கொழுந்தை வாட்டுகிறார்கள்? பெட்டிக்குள் முட்டையும் அப்படித்தான் வாடுகிறது.

வாடத்தான் வேண்டும், அளவோடு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் கரு ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. காபனீரொட்சைட்டும் நீராவியும் அதே வழியாக வெளியேறுகின்றன. நீர் குறையக் குறைய முட்டையின் மொட்டைப் பக்கத்தில் காற்றறை பெரிதாகும். கடைசி நாட்களில் குஞ்சு முதலில் அந்த அறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சுவிடப் பழகும். ஓட்டை உடைப்பது அதற்குப் பிறகுதான். நீர் குறைவாக வெளியேறினால் காற்றறை சின்னதாகி, குஞ்சு நீர்கோத்து மூழ்கும். அதிகமாக வெளியேறினால் சவ்வு காய்ந்து சிறையாகும்.

உயரம் இதில் இன்னொரு சுமையைச் சேர்க்கிறது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 13 சதவீதம் குறைவு. அழுத்தம் குறைந்தால் நீராவி துளைகள் வழியே இன்னும் வேகமாகப் பரவும். 1970களில் ஹெர்மன் ரான் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். கலிபோர்னியாவின் வெள்ளை மலையில் 3,800 மீட்டர் உயரத்தில் வளர்ந்த கோழிகளின் முட்டை ஓடு வாயுக்களை வழக்கத்தைவிடக் குறைவாகவே ஊடுருவ விட்டது தெரியவந்தது. அந்த உயரத்தில் கோழியின் உடலே ஓட்டை மாற்றிக்கொள்கிறது. நம் மலை அவ்வளவு உயரமில்லை. ஒட்சிசனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், தண்ணீரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

கருவிகளில் நான் முதலிடம் கொடுப்பது தராசுக்கு. ஈரப்பதன் மானி பொய் சொல்லும், நிறை பொய் சொல்லாது. 18 நாளில் முட்டை தன் நிறையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை இழக்க வேண்டும். ஐம்பது கிராம் முட்டை பன்னிரண்டு என்றால் மொத்தம் 600 கிராம். ஒன்பதாம் நாள் 564, பதினெட்டாம் நாள் 528 இருந்தால் சரி. அதைவிட இளைத்திருந்தால் அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள். ஆழமான கிண்ணத்தால் பயனில்லை, நீரின் பரப்புத்தான் ஆவியாகிறது. 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதனை 65க்கு மேலே ஏற்ற வேண்டும். ஓட்டில் கீறல் விழுந்த பிறகு மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே சேர்ந்த ஈரம் ஓடிவிடும்.

வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்க்கும் பழக்கமும் மலைக்கு ஒத்துவராது. இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இளஞ்சூட்டு நீரில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விசிறி உள்ள பெட்டியில் 37.5, விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 பாகை.

கரண்ட் போனால் என்ன செய்வது? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. ஆனால் அடைகோழியும் தினமும் இரை தின்னக் கொஞ்ச நேரம் எழுந்து போகத்தான் செய்கிறது. குளிரைக் கரு ஓரளவு தாங்கும். பொரிப்பு தாமதமாகும், எண்ணிக்கை கொஞ்சம் குறையும். சூட்டைத்தான் தாங்காது. வெப்பம் 40 பாகையைத் தாண்டி நின்றால் முட்டை கூழாகும். ஆகவே கரண்ட் போனதும் பெட்டியைக் கம்பளியால் மூடிவிட்டுப் பொறுத்திருப்பது நல்லது, நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது ஆபத்து.

மலை தரும் கொடை ஒன்றும் உண்டு. ஊர்க்கோழி நாளுக்கொன்றாக இட்ட முட்டைகளைச் சேர்த்து வைக்க 12 முதல் 18 பாகைதான் உகந்த வெப்பம். அந்தக் குளிர் மடுல்சீமைக் காம்பராவில் இரவில் சும்மாவே கிடைக்கிறது. ஒரு வாரம் வரை கவலையில்லை. கரையோரத்து 30 பாகையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும். கடை முட்டையை மட்டும் வைக்காதீர்கள். பண்ணைக் கூண்டில் சேவல் இல்லை, கருவும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு முட்டைக்குப் பெட்டியே வேண்டாம் என்பது என் கட்சி. கேறுகிற கோழி ஒன்று இருந்தால் சூடு, ஈரம், திருப்புதல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், பொரித்த பிறகு குஞ்சுகளையும் அணைத்து வளர்க்கும். பெட்டிக் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகை வேண்டும். தை மாத இரவில் அதைக் காப்பது பொரிப்பதைவிடக் கடினம்.

ராணிக்கெட் நோய் வந்தால் இத்தனை பாடும் ஒரே வாரத்தில் போய்விடும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணிநேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே லயத்தில் நாலைந்து வீட்டார் பேசி ஒரே கிழமையில் அடை வையுங்கள். பொரிக்கும் நாளை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.