தேய்த்தால் கரண்ட்! காட்டூர் பஸ்சில் பல்பு எரியுமா?

திருச்சி, காட்டூர். நல்ல காய்ச்சல் வெயில். துவாக்குடி டவுன் பஸ்சில் பாலியெஸ்டர் பேண்ட் ஆசாமி ஒருவர் ரெக்சின் சீட்டில் ‘சர்’ரென வழுக்கி எழுந்திருக்கிறார். கம்பியைத் தொடுகிறார். சுரீர்!

பேய் வேலை அல்ல, நிலை மின்சாரம். இரண்டு பொருள் உரசினால் ஒன்றிலிருந்து எலெக்ட்ரான் மற்றதுக்குத் தாவும். உடம்பில் சேர்ந்த அந்தச் சார்ஜ் இரும்பைக் கண்டதும் பாயும்.

கரண்ட் பில் எகிறும் காலத்தில் இதைச் சும்மா விடுவானேன்?

சலூனில் பவர் ஹவுஸ்

பிளாஸ்டிக் சீப்பால் எண்ணெய் காணாத தலையை நூறு தடவை வாரலாம். ஜவுளிக்கடையில் பாலியெஸ்டர் புடவைகளை மளமளவென்று உருவிப் போடலாம். (வாங்காமல் எழுந்து போகிறவர்கள் இதிலாவது உதவுவார்கள்!) ரேஷன் கடை கியூவில் நைலான் விரிப்பு போட்டு, ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டே நகரச் சொல்லலாம். பார்க்கில் பிளாஸ்டிக் சறுக்கில் இறங்கும் பிள்ளைக்கு முடி நட்டுக்கிட்டு நிற்கும். உடம்பில் பல ஆயிரம் வோல்ட்!

வோல்ட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். 10,000 வோல்ட் ஏறினாலும் உடம்பில் இருக்கும் சக்தி சுமார் 5 மில்லி ஜூல்தான். 40 வாட் டியூப் லைட் ஒரே ஒரு வினாடி எரிய 8,000 பேர் ‘சுரீர்’ வாங்க வேண்டும். ஐப்பசி அடைமழை வந்தால் அதுவும் கிடையாது. ஈரக் காற்றில் சார்ஜ் தங்காது.

உத்தியோகம் உண்டு

பல்பு எரியாவிட்டாலும் வேறு வேலை பார்க்கிறது. ஜெராக்ஸ் கடையில் கரித்தூளைக் காகிதத்துக்கு இழுப்பது இதுதான். அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன் 1938-ல் கண்டுபிடித்த முறை. காட்டூருக்குப் பக்கத்துத் திருவெறும்பூரில் பாய்லர் செய்யும் ‘பெல்’ நிறுவனம், தன் ராணிப்பேட்டை ஆலையில் அனல் மின் நிலையங்களுக்குச் சாம்பல் பிடிக்கும் கருவி செய்கிறது. புகையில் போகும் சாம்பலுக்குச் சார்ஜ் ஏற்றித் தகட்டில் ஒட்ட வைத்து, தட்டிக் கீழே கொட்டிவிடுவார்கள்.

பங்கில் வேண்டாம் விளையாட்டு

பல்புக்குப் பற்றாத பொறி, பெட்ரோல் ஆவிக்குத் தாராளம். ஒரு மில்லி ஜூலில் கால் பங்கு போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும்! சிவகாசி பட்டாசு ஆலைகளில் நைலான், பாலியெஸ்டர் உடை கூடாது, பருத்திதான். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுச் சார்ஜை இறக்கிவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போக வேண்டும்.

தஞ்சாவூர் ரோட்டில் போகும் டேங்கர் லாரிக்கும் இதே கதைதான். பங்கில் லோடு இறக்கும் முன் லாரியைக் கம்பியால் பூமியோடு இணைத்து எர்த் கொடுக்கிறார்கள். பெட்ரோல் குழாயில் ஓடும்போதே சார்ஜ் உண்டாகும் என்பதால் இந்த ஏற்பாடு.

நம்மவர்களோ தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்கள்! பிளாஸ்டிக் கேனை ஸ்கூட்டர் சீட்டில் வைத்தே பிடிக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஏறிய சார்ஜுக்குப் பூமிக்கு இறங்க வழி ஏது? அவசரத்துக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் இரும்புக் கேன்தான். அதையும் தரையில் வைத்து, மூக்குக் குழாய் கேனின் வாயைத் தொட்டபடி இருக்கப் பிடிக்க வேண்டும்.