கொய்மலருக்குச் சூரியகாந்தி: விதை நம் கையில் இருக்கட்டும்

சூரியகாந்தி என்றவுடன் எண்ணெயே நம் விவசாயிகளின் நினைவிற்கு வருவது இயல்பு. 1969-ஆம் ஆண்டில் ருஷ்ய ரகங்கள் தருவிக்கப்பட்ட பின்னரே இப்பயிர் நம் நாட்டில் எண்ணெய் வித்தாகப் பரவலாயிற்று. எனினும், நீண்ட காம்புடன் வெட்டிப் பூச்சாடியில் வைக்கும் கொய்மலராகவும் இது விலை போகின்றது. நகரங்களிலுள்ள மலர்ச்செண்டுக் கடைகளும், திருமண மேடை அலங்கரிப்போரும் இதனை வாங்குகின்றனர்.

இதற்கு இருவகை விதைகள் உண்டு. ஒன்று, வீரிய ஒட்டு ரகம். இவற்றுள் கொய்மலருக்கென உருவாக்கப்பட்ட பல, மகரந்தம் உதிர்க்காதவை. ஒரே சமயத்தில் பூப்பவை. ஆனால், இவற்றின் விதையைப் பருவந்தோறும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். எண்ணெய்ச் சூரியகாந்தியில், 1980-இல் நம் நாட்டின் முதல் ஒட்டு ரகம் வெளிவந்தது முதல், இந்நிலையை நாம் கண்டு வருகிறோம்.

மற்றொன்று பாரம்பரிய ரகம். வெளிர் நிறமுள்ள 'இத்தாலியன் ஒயிட்', பல வண்ணங்களில் பூக்கும் 'ஆட்டம் பியூட்டி' முதலியவை இவ்வகையின. இவை பல கிளைகள் விட்டுப் பல நாட்கள் பூக்கும். மகரந்தம் உதிர்ப்பது குறை. ஆயினும் இவற்றின் விதையை நாமே எடுத்து, அடுத்த பருவத்திற்கு வைத்துக்கொள்ளலாம். சிறு விவசாயிக்கு இது பெரும் சிக்கனம்.

நீர் தேங்காத, நாள் முழுவதும் வெயில் படும் நிலம் ஏற்றது. நாற்று விடாமல் நேரடியாக, 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் விதைக்க வேண்டும். கிளைக்கும் ரகங்களுக்குச் செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி தேவை. தழைச்சத்து மிகுந்தால் தண்டு பருத்து, மென்மையாகிச் சாயும். நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைத்தால் பூக்கள் ஒருசேர வந்து விலை வீழும். ஆகவே பத்து நாட்களுக்கு ஒரு பாத்தியாக விதைப்பதே முறை.

இதழ்கள் நடுவட்டிலிருந்து நிமிரத் தொடங்கும் தருணத்தில், விடியற்காலையில் வெட்ட வேண்டும். முற்றிலும் விரிந்த பூ மகரந்தம் உதிர்க்கும், விரைவில் வாடும். வெட்டியவுடன் கீழ் இலைகளை நீக்கி, தூய நீரில் காம்பை நிறுத்தி, நிழலில் வைக்க வேண்டும்.

விதைக்கென நல்ல செடிகள் இருபதுக்குக் குறையாமல் வெட்டாது விடுக. பெரும்பாலும் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் விதை பிடிக்கச் செய்வதில்லை. தேனீக்களே செடிக்குச் செடி கொண்டு சேர்க்கின்றன. அருகே எண்ணெய் ரகம் பூத்திருந்தால் கலப்பு நேர்ந்து, ரகம் கெடும். ஆகவே 400 மீட்டருக்குக் குறையாத தூரம் விடுக. அல்லது இரண்டும் ஒரே காலத்தில் பூக்காதவாறு, ஒரு மாத இடைவெளியில் விதைக்க. இதழ் உதிர்ந்ததும் கிளிகளுக்கு எட்டாதபடி பூத்தலையைத் துணியால் மூடி, அதன் பின்புறம் பழுப்பேறிய பின் அறுத்து உலர்த்துக.

இனி, முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தோவாளை, நிலக்கோட்டை போன்ற சந்தைகளில் மாலைக்கும் கூந்தலுக்குமான உதிரிப்பூக்களுக்கே கிராக்கி மிகுதி. அவை எடைக்கு விற்பவை. மல்லிகையோ சம்பங்கியோ மிஞ்சினால் உள்ளூரிலேயே வாங்குவோர் உண்டு. சூரியகாந்திக்கு அவ்வழி இல்லை. காம்புக் கணக்கில் வாங்கும் நகரத்துக் கடைக்காரரிடம் பேசி முடித்த பின்னரே விதைக்க வேண்டும். முதல் முறை ஐந்து சென்டுக்கு மேல் வேண்டாம்.

இங்கே பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆற்றக்கூடிய பணி உண்டு. பயிரிட விரும்புவோரை ஒன்று கூட்டி, யார் எந்த வாரம் விதைப்பது, எந்த வயலை விதைக்கென ஒதுக்குவது, எவ்வண்டியில் பூவை அனுப்புவது என்று முடிவு செய்ய உதவலாம். ஒருவர் தனித்து நின்று கலப்பைத் தடுக்க இயலாது; ஊர் ஒன்றுபட்டால் இயலும். அவ்வாறு காத்த விதை, அடுத்த பருவத்தில் அவ்வூருக்குச் செலவில்லா முதலாகும்.